பூக்களுக்குப் பின்னால் நின்றவளுக்கு

என் கோமுவுக்கு,

கடிதம் என்றால் முதல் வரியில் நலம் விசாரிக்க வேண்டும் என்று முப்பத்திரண்டு வருஷம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். உன்னிடம் எதை விசாரிப்பது? அதனால் என் பக்கத்துச் செய்தியிலிருந்தே தொடங்குகிறேன். நான் சாப்பிடுகிறேன், தூங்குகிறேன். நேற்று உன் வருஷத் திதி முடிந்தது. உன் அக்கா ஆவுடையம்மாள் இன்று காலை பஸ்ஸில் புளியங்குடிக்குத் திரும்பிவிட்டாள். நம் மீனாவுக்கு இங்கிலாந்திலிருந்து வர லீவு கிடைக்கவில்லை. கழுவிவிட்ட வீடு காய்ந்து, சத்தமில்லாமல் கிடக்கிறது.

கூடத்துச் சுவரில் உன் படம் மாட்டியாயிற்று. ஒரு படம் மாட்ட ஒரு வருஷமா என்று நீ கேட்பாய். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

நீ போனது தை மாதத்தில் ஒரு புதன்கிழமை. குளித்துவிட்டு வந்து, தலையில் சுற்றிய துண்டோடு நாற்காலியில் உட்கார்ந்தாய். நான் பக்கத்து அறையில் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தேன். என்னவோ கேட்டேன், நீ பதில் சொல்லவில்லை. மறுபடி கேட்டேன். அவ்வளவுதான். டாக்டர் வந்து, இருதயம் நின்றுவிட்டது என்றார். நான் சரி என்றேன். அதற்குப் பிறகு யார் என்ன சொன்னாலும் சரி என்றேன்.

நான் அழவில்லை என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். என் காதிலும் விழுந்தது. வகுப்பில் கேள்வி கேட்டால் சில பிள்ளைகள் எழுந்து நிற்பார்கள், வாய் திறக்க மாட்டார்கள். பதில் தெரியாததால் அல்ல. கேள்வியே இன்னும் உள்ளே போயிருக்காது. பிரம்பை எடுத்துப் பிரயோஜனமில்லை. காத்திருக்கத்தான் வேண்டும். ஒரு வருஷமாக நானும் அப்படித்தான் எழுந்து நிற்கிறேன்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு மீனா வந்து சேர்ந்தாள். மாலை போட்டு விளக்கேற்றி வைக்க உன் படம் வேண்டும் என்றார்கள். அப்போதுதான் தேடினோம். நம் கல்யாணத்தில் எடுத்த குரூப் படத்தைப் பூச்சி அரித்து, நாம் இருவரும் நின்ற நடுப்பாகமே போய்விட்டது உனக்குத் தெரியும். மீனாவின் கல்யாண ஆல்பத்தில் நாலு படத்தில் இருக்கிறாய். ஒன்றில் குனிந்திருக்கிறாய். ஒன்றில் கண்ணை மூடியிருக்கிறாய். ஒன்றில் குத்துவிளக்குக்குப் பின்னால், ஒன்றில் சம்பந்தியம்மாவின் தோளுக்குப் பின்னால்.

பிறகு மீனா இங்கிலாந்து ஆல்பத்தை எடுத்தாள். ரெண்டு மாதம் அங்கே இருந்தீர்களே, அதில் அம்மா இல்லாமல் போவாளா என்றாள். தரையில் உட்கார்ந்து ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினாள். மஞ்சள் பூ, வெள்ளைப் பூ, சிவப்புப் பூ, பனித்துளியோடு பூ. முப்பத்தாறு படம். கடைசிப் பக்கத்தை மூடிவிட்டு என்னைப் பார்த்தாள்.

“அம்மா எங்கப்பா?”

அந்தக் கேள்விக்கு என்னால் சரி என்று சொல்ல முடியவில்லை.

அன்று முதல் அந்தத் தோட்டத்துக்கே போய்க்கொண்டிருக்கிறேன். எங்கே தவறியது என்று, பிள்ளைகளின் கணக்கை வரி வரியாகப் பார்ப்பதைப் போல, ஒவ்வொரு நாளாகப் பார்க்கிறேன்.

நாம் போய் இறங்கியது பங்குனியில். மாப்பிள்ளை வேலை பார்த்த ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் ஒட்டி ஒட்டிக் கட்டிய வீடுகள். முதல் மூன்று வாரம் மழையும் குளிரும். நீ சேலைக்கு மேல் மாப்பிள்ளையின் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு, காலில் ரெண்டு ஜோடி உறையோடு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாய். வெளியே எலும்பு எலும்பாக மரங்கள். “இதுக்கா இம்புட்டுத் தூரம் வந்தோம். நம்ம ஊர் வேலிக்கருவைகூட இதைவிடப் பச்சையா இருக்கும்” என்றாய்.

வசந்த காலம் என்று பூகோள வகுப்பில் எத்தனை தடவை கரும்பலகையில் எழுதியிருப்பேன். நம் ஊரில் வெயில் காலம் உண்டு, கடும் வெயில் காலம் உண்டு, ஆனியில் மண்ணை வாரி அடிக்கும் காற்றுக் காலம் உண்டு. வசந்தம் என்பது பரீட்சைக்கு எழுதும் சொல். நானும் அதைப் பார்த்ததில்லை. பார்க்காத ஒன்றைத்தான் முப்பத்திரண்டு வருஷம் விளக்கியிருக்கிறேன்.

ஒருநாள் காலையில் வெயில் அடித்தது. பக்கத்து வீட்டுத் தோட்டம் முழுக்க மஞ்சளாக இருந்தது. நேற்று வரைக்கும் வெறும் பச்சைக் குச்சிகளாக நின்றவை. டாஃபடில் என்று மீனா சொன்னாள். நீ வேலியோரம் போய் நின்று, “ஆவாரம்பூவை யாரோ ஒலிபெருக்கிக் குழாயா சுருட்டி வச்சாப்புல இருக்கு” என்றாய். அதைவிடச் சரியாக எந்தப் புத்தகமும் சொன்னதில்லை.

அந்தத் தோட்டம் ஒரு வயதான அம்மாவுடையது. புருஷன் இல்லாமல் தனியாக இருந்தாள். நாம் வேலியோரம் நிற்பதைப் பார்த்துவிட்டு, சின்னக் கதவைத் திறந்து உள்ளே வரச் சொன்னாள். அவளுக்கு நீ வைத்த பேர் வெள்ளைக்கார மதினி. உனக்கு இங்கிலீஷ் தெரியாது, அவளுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் ரெண்டாம் நாளே இருவரும் மணிக்கணக்கில் பேசிக்கொண்டிருந்தீர்கள். அவள் மண்ணைத் தோண்டி ஒரு கிழங்கை எடுத்துக் காட்டினாள். நீ கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, “வெங்காயம்லா இது. வெங்காயத்துல இருந்தா இவ்வளவு அழகு வருது? நாம இத்தன நாளும் நறுக்கிச் சாம்பார்ல போட்டுட்டோமே” என்றாய். மீனா அதை இங்கிலீஷில் சொன்னதும் அந்த அம்மா தோட்டக் கத்தரியைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தாள்.

மாப்பிள்ளை தன் காமிராவை என்னிடம் கொடுத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போய்விடுவார். கலர் ரோல் ஒன்று உள்ளே இருந்தது. முப்பத்தாறு படம். எனக்கு அதுவரை காமிராவைத் தொட்டுப் பழக்கமில்லை. தூரம் பார்ப்பது, வெளிச்சம் பார்ப்பது என்று ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொண்டு, பாடம் படிப்பதைப் போல ரெண்டு நாள் படித்தேன். ஒரு படத்தையும் வீணாக்கக் கூடாது என்று எனக்குள் ஒரு வைராக்கியம். ஒரு நாளைக்கு ஒரு படம், மிஞ்சினால் ரெண்டு.

ஈரப் புல்லில் பழைய பேப்பரை விரித்து நான் முழங்காலிட்டு உட்காருவேன். பூவின் மேல் தூரம் சரியாக அமையும் நேரத்தில் காற்று வந்து ஆட்டிவிடும். அதற்கு நீ ஒரு வழி கண்டுபிடித்தாய். பூவுக்குப் பின்னால் நின்று, முந்தானையை ரெண்டு கையாலும் விரித்துக் காற்றுக்கு மறைப்புப் பிடித்தாய். நம் ஊர்த் தறியில் நெய்த அந்த அரக்கு நிறச் சேலை. பூ அசையாமல் நின்றது. “பிடிச்சது போதுமா, கை கடுக்குது” என்று மேலேயிருந்து உன் குரல் வரும். “இன்னும் கொஞ்சம்” என்பேன் நான்.

பதினோரு படத்தில் அந்த அரக்கு நிறம் பின்னால் இருக்கிறது. நல்ல நிறம். மஞ்சள் பூவை எடுத்துக் காட்டுகிறது.

உன்னை எடுக்கலாம் என்று நினைக்காமல் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் மாப்பிள்ளையும் மீனாவும் தோட்டத்துக்கு வருவார்கள். நீயும் அவர்களோடு நில் என்பேன். எண்ணிப் பார்ப்பாய். மூன்று. உடனே விலகிக்கொள்வாய். “மூணு பேரா நின்னு படம் எடுத்தா ஒருத்தருக்கு ஆகாது. சின்னஞ்சிறுசுக நிக்கட்டும்.” சரி, நீ மட்டும் நில் என்றால் அதற்கும் மாட்டேன் என்றாய். “தனியா எடுத்தா செவத்துல மாட்டத்தான் உதவும்.” மாப்பிள்ளை காமிராவை வாங்கிக்கொண்டு, அத்தையும் மாமாவும் ஜோடியாக நில்லுங்கள் என்று ஒருநாள் சொன்னார். அதற்கு ஒரு பதில் தயாராக வைத்திருந்தாய்: அறுபதாம் கல்யாணம் ரெண்டு வருஷத்தில் வருகிறது, அன்றைக்கு மாலையும் கழுத்துமாக எடுத்துக்கொள்ளலாம், இப்போதே எடுத்தால் கண் பட்டுவிடும். அவர் வெளிநாட்டில் படித்தவர். சிரித்துக்கொண்டே காமிராவைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அந்த நாள் வருமுன்னே நீ போய்விட்டாய்.

மீனாவும் அவரும் தனியாக நின்ற படங்களை அவர்கள் பின்னால் தங்கள் ரோலில் எடுத்துக்கொண்டார்கள். என் ரோல் பூவுக்கு.

நான் வாத்தியார். மூடநம்பிக்கை என்று வகுப்பில் எவ்வளவோ பேசியிருக்கிறேன். கிரகணத்தன்று பிள்ளைகளை வெளியே கூட்டிப்போய், புகைபிடித்த கண்ணாடி வழியாகக் காட்டியவன். ஆனால் உன்னிடம் ஒரு வார்த்தை மறுத்துச் சொல்லவில்லை. ஏன் என்று கேட்டுப் பார்க்கிறேன். உன் மனசைப் புண்படுத்தக் கூடாது என்பதாலா? அல்லது, ஒரு படம் மிச்சமாயிற்று, டூலிப் பூவுக்கு ஆகும் என்று நினைத்தேனா? ரெண்டாவதுதான் உண்மை என்று தோன்றுகிறது. தோன்றியும் எனக்கு எதுவும் ஆகவில்லை. அதையும் உனக்குச் சொல்லிவிடுகிறேன்.

ஒரு காலை மட்டும் திரும்பத் திரும்ப வருகிறது. சித்திரை பிறந்திருந்தது. ஹையசிந்த் என்று ஒரு பூ. தண்டு முழுக்க நெருக்கமாக, நீல நிறத்தில், கட்டிய சரம் மாதிரி. வெள்ளைக்கார மதினி அதில் ஒன்றை வளைத்து உன் மூக்கருகே கொண்டுவந்தாள். நீ சட்டென்று பின்னால் போய் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டாய். அவள் முகம் சுருங்கிவிட்டது. நாற்றம் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்தாள். மீனாதான் விளக்கினாள்: சாமிக்கு வைக்கிற பூவை மோந்து பார்க்கக் கூடாது, அம்மாவுக்குச் சின்ன வயதிலிருந்து அந்தப் பழக்கம், எந்தப் பூவையும் முதலில் மோக்க மாட்டாள் என்று. மதினி யோசித்தாள். பிறகு மீனாவிடம் என்னவோ கேட்டாள்.

“ஏம்மா, இது சாமிக்கு உள்ள பூவான்னு கேக்காங்க” என்றாள் மீனா.

நீ அந்தத் தோட்டத்தைச் சுற்றிப் பார்த்தாய். யாரும் பறிக்காத பூக்கள். பறித்துக் கட்டி எங்கேயும் கொண்டுபோகாத பூக்கள்.

“இல்லைன்னு சொல்லுட்டி. இது எந்தச் சாமிக்கும் இல்ல.”

பிறகு குனிந்தாய். முகத்தையே பூவுக்குள் வைத்துக்கொண்டாய். வெகு நேரம் எழுந்திருக்கவில்லை. ஐம்பத்து மூன்று வயதில் முதல் தடவையாக ஒரு பூவை அதற்காகவே மோந்து பார்த்தாய். நிமிர்ந்து என்னைப் பார்த்து, “ஏங்க, பிச்சிப்பூ வாசம்லா அடிக்குது. வந்து பாருங்களேன்” என்றாய்.

நான் அந்தப் பூவுக்குத்தான் தூரம் சரி செய்துகொண்டிருந்தேன். காமிராவிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. என்ன சொன்னேன் தெரியுமா?

“கொஞ்சம் தள்ளிக்கோ. நிழல் விழுது.”

நீ தள்ளிக்கொண்டாய். அந்தப் படம் ஆல்பத்தில் பத்தொன்பதாவது. அருமையாக விழுந்திருக்கிறது. இதழின் மடிப்பில் ஈரம்கூடத் தெரிகிறது.

ஆல்பத்தில் ஒரே ஒரு படத்தில் நீ இருக்கிறாய், கோமு. மீனா பதினாறாம் நாளன்று மறுபடி புரட்டியபோது கண்டுபிடித்தாள். டூலிப் பாத்திக்கு அப்பால், வேலியோரம், மதினி கொடுத்த ஏதோ மஞ்சள் பூவைக் கொண்டையில் செருகிக்கொண்டு, முதுகைக் காட்டி நிற்கிறாய். சுண்டு விரல் உயரம். அதைப் பெரிதாக்கலாமா என்று மீனா கேட்டதும் உன் அக்கா எழுந்து நின்றுவிட்டாள்.

“நல்லாயிருக்கே. வாரவுகல்லாம் என் தங்கச்சி முதுகையா கும்பிட்டுட்டுப் போவணும்? எங்கள மதிக்காமத் திரும்பி நிக்கான்னுல்லா நெனப்பாக.”

அந்தத் துக்க வீட்டில் ரெண்டு பேர் சிரித்தார்கள். அன்றைக்குப் படமில்லாமல், விளக்கு மட்டும் வைத்துக் காரியம் முடிந்தது.

மிச்சம் இருந்தது பாஸ்போர்ட். அதற்காக செல்லையாவின் ஸ்டுடியோவில் எடுத்தோமே. சர்க்காருக்கு எடுக்கிற படம், சாமி கணக்கில் வராது என்று உனக்கு நீயே சமாதானம் சொல்லிக்கொண்டு போய் உட்கார்ந்தாய். அப்படியும் பயம் போகவில்லை. ஊசி போட வந்த பிள்ளையைப் போல முழித்துக்கொண்டிருக்கிறாய். எடுத்த காப்பிகளெல்லாம் விண்ணப்பங்களோடு போய்விட்டன. நெகட்டிவ் இருந்த டப்பாவில் மழைத் தண்ணீர் இறங்கி எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிப்போயிற்று என்று செல்லையா வருத்தப்பட்டார். பாஸ்போர்ட்டில் ஒட்டியது ஒன்றுதான் மீதி. அதன் மேல் ஆபீஸ் முத்திரை விழுந்திருக்கிறது. சரியாக உன் வாயின் மேல்.

வருஷத் திதிக்கு ரெண்டு மாதம் இருக்கும்போது உன் அக்காவிடமிருந்து கார்டு வந்தது. இந்தத் தடவையும் வெறும் விளக்குத்தானா, அவள் இந்த வீட்டில் வாழ்ந்ததற்கு அடையாளம் வேண்டாமா என்று. நான் பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு செல்லையாவிடம் போனேன்.

அவர் பெரிய கண்ணாடி வைத்துப் பார்த்தார். பெரிதாக்கிவிடலாம், முத்திரையைப் பிரஷ்ஷால் மறைத்துவிடலாம், நெற்றியும் கண்ணும் நன்றாக இருக்கின்றன, வாயை மட்டும் புதிதாக வரைய வேண்டும் என்றார். பென்சிலை எடுத்துக்கொண்டார்.

“சொல்லுங்க சார்வாள். அம்மாவுக்கு உதடு எப்படி? கீழுதடு தடிச்சு இருக்குமா, ரெண்டும் ஒரே அளவா?”

நான் பாஸ்போர்ட்டை வாங்கி மறுபடி பார்த்தேன். முத்திரைதான் தெரிந்தது.

அவர் காத்திருந்தார். நானும் காத்திருந்தேன். முப்பது வருஷத்துக்கு மேல் என் எதிரே அசைந்த வாய். காப்பி ஆறிவிடும் என்று சொன்ன வாய். டாஃபடிலுக்கு வெளியிதழ் ஆறு என்று எனக்குத் தெரியும். டூலிப் சாயங்காலம் மூடிக்கொண்டு மறுநாள் வெயிலில் திறக்கும், அதன் அடியில் கறுப்பாக ஒரு நட்சத்திரம் இருக்கும், எல்லாம் சொல்வேன். உன் கீழுதடு தடிப்பா மெலிவா என்று எனக்குத் தெரியவில்லை.

“யோசிச்சு வாரேன்” என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். பரீட்சை அறையிலிருந்து வெறுந்தாளைக் கொடுத்துவிட்டு வருகிற பையனுக்கு முதுகில் ஒரு கூச்சம் இருக்கும். எனக்கு அதுகூட இல்லை. கடைத்தெருவில் நடந்து, காய்கறி வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

அப்புறம் எல்லோரிடமும் கேட்க ஆரம்பித்தேன். உன் அக்காவிடம் கேட்டேன். எங்க அம்மை வாய் அப்படியே என்றாள், ஆனால் உன் அம்மாவின் வாய் எனக்கு நினைவில்லை. பக்கத்து வீட்டில் கேட்டேன். லட்சணமாக இருக்கும் என்றார்கள். மீனாவுக்கு எழுதினேன். அவள் பதிலில், அப்பா, அம்மா என்று நினைத்தால் எனக்குக் கைதான் வருகிறது, முகம் வரவில்லை என்று எழுதியிருந்தாள். அவள் அழுதுகொண்டுதான் எழுதியிருப்பாள். மை ரெண்டு இடத்தில் கலைந்திருந்தது.

ஆனால் அவள் ஒரு காரியம் செய்திருந்தாள். என் கடிதத்தை எடுத்துக்கொண்டு வேலிக் கதவைத் திறந்து வெள்ளைக்கார மதினியிடம் போயிருக்கிறாள். அந்த அம்மா உட்காரச் சொல்லி, தேநீர் போட்டுக் கொடுத்து, யோசிக்காமல் சொன்னாளாம்: ‘உன் அம்மா பேசியது எனக்கு ஒரு வார்த்தை புரியாது. அதனால் நான் அவள் வாயையேதான் பார்த்துக்கொண்டிருப்பேன். சிரிப்பு வரும் முன்னால் இடது ஓரம் மட்டும் உள்ளே போகும், சிரிப்பே வராதே என்று தடுக்கிற மாதிரி. ஒரு நொடி அப்படி நிற்கும். பிறகு கீழுதடு தோற்றுப்போகும். மேல்வரிசையில் ஒரு பல் இன்னொன்றின் மேல் கொஞ்சம் ஏறியிருக்கும். அது தெரியக் கூடாது என்று கையைக் கொண்டுபோவாள், ஆனால் கை எப்போதும் பிந்தித்தான் போய்ச் சேரும்.’

ரெண்டு மாதம் உன்னைப் பார்த்த ஒருத்தி. உன் பேச்சு புரியாததால் உன்னைப் பார்த்தவள். எனக்கு உன் பேச்சு புரிந்துகொண்டே இருந்தது. அதுதான் வித்தியாசமா?

அதைப் படித்ததும் ஆமாம், இவள்தான் என்று எனக்குள் ஏதாவது அசைந்திருக்க வேண்டும். அசையவில்லை. போகாத ஊரைப் பற்றிப் பாடப்புத்தகத்தில் படிப்பதைப் போலத்தான் இருந்தது. ஆனால் அந்த ஊர் இருக்கிறது என்று தெரிந்தது.

கடிதத்தைக் கொண்டுபோய் செல்லையாவுக்குத் தமிழில் படித்துக் காட்டினேன். பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு கேட்டார். ரெண்டாவது தடவையும் படிக்கச் சொன்னார். பிறகு பென்சிலை மேஜை மேல் வைத்துவிட்டார்.

“சார்வாள், அவங்க சொல்லுதது அசையிற வாய். நான் வரையுதது அசையாத வாய். என்ன வரைஞ்சாலும் அது வேற யாரோதான்.”

பழைய பூகோளப் படங்களில், யாரும் போய்ப் பார்க்காத நாட்டை வெறுமையாக விட்டிருப்பார்கள். என் வகுப்பில் சில பையன்கள் பக்கம் காலியாக இருக்கிறதே என்று அங்கே ஆறு ஒன்றை வரைந்துவிடுவார்கள். நான் மார்க்கைக் குறைப்பேன். தெரியாத இடத்தை வெறுமையாக விடு, இல்லாத ஆற்றை வரையாதே என்பேன். அதைச் செல்லையாவிடம் சொன்னேன். முத்திரை அப்படியே இருக்கட்டும், வாயைத் தொடாமல் பெரிதாக்கிக் கொடுங்கள் என்றேன். அவர் தயங்கினார், கடைக்குக் கெட்ட பேர் வந்துவிடும் என்றார். பிறகு, முத்திரை இருப்பது கடையின் கோளாறு அல்ல என்று கேட்பவர்களிடமெல்லாம் நான் சொல்ல வேண்டும் என்ற நிபந்தனையோடு செய்து கொடுத்தார்.

முந்தாநாள் உன் அக்கா வந்து இறங்கியதும் கூடத்தில் படத்தைத்தான் பார்த்தாள். கையிலிருந்த எலுமிச்சம்பழப் பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

“இது என்ன தம்பி, சர்க்கார் முத்திரை குத்தி அனுப்பி வச்சாப்புல இருக்கு. மேல போயும் இவ பாஸ்போர்ட்டக் காட்டணுமா?”

நான் காரணம் சொன்னேன். ஆறு, வரைபடம், வெறுமை எல்லாம். பொறுமையாகக் கேட்டாள். நீங்க பாடம் நடத்துனது போதும் என்று முகத்தில் எழுதியிருந்தது. ராத்திரி சாப்பிடும்போது மட்டும் தாழ்ந்த குரலில் சொன்னாள்: “தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லலாம் தம்பி. ஆனா அதையா மாட்டி வைப்பாக?”



நேற்று காலையில் திதிக்கு உறவுக்காரர்கள் வரத் தொடங்கியதும் உன் அக்கா படத்தின் பக்கம் போனாள். கண்ணாடியில் உன் நெற்றிக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தாள். மாலை போட்டாள். அப்புறம் ஒரு மஞ்சள் செவ்வந்தியின் அடியில் கொஞ்சம் சந்தனத்தை அப்பி, கண்ணாடியில், முத்திரை இருந்த இடத்தில், உன் வாயின் மேல் ஒட்டி வைத்தாள். ரெண்டடி பின்னால் வந்து பார்த்தாள்.

“இப்பச் சரியாயிட்டு” என்றாள்.

வந்தவர்கள் எல்லோரும் படம் நன்றாக இருக்கிறது என்றார்கள். உன் அக்கா அதன் முன்னால் உட்கார்ந்து மனசார அழுதாள். அவளுக்கு ஒரு வருஷமாக அழ ஓர் இடம் இல்லாமல் இருந்திருக்கிறது. அவள் செய்ததைத் தப்பென்று சொல்ல மாட்டேன். நான் கூடத்து ஓரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். நெற்றி தெரிந்தது. பயந்த கண் தெரிந்தது. அதற்குக் கீழே பூ. என் ஆல்பத்தில் இருக்கிற மாதிரியே, முன்னால் ஒரு மஞ்சள் பூ, அதற்குப் பின்னால் நீ. முப்பத்தேழாவது படம்.

இன்று காலை அவளை பஸ் ஏற்றிவிட்டு வந்தேன். வாசல் கதவைச் சாத்தினேன். ஸ்டூலைப் போட்டு ஏறி, வாடத் தொடங்கியிருந்த அந்தப் பூவை எடுத்தேன். ஈரத் துணியால் சந்தனத் தடத்தைத் துடைத்தேன். முத்திரையின் எழுத்துகள் வளைந்து உன் உதட்டின் மேல் போகின்றன. இடது ஓரம் மட்டும் முத்திரைக்கு வெளியே ஒரு நூல் அளவு தெரிகிறது. அது கொஞ்சம் உள்ளே போயிருக்கிறதா, நிழலா என்று ஸ்டூலில் நின்றபடியே வெகு நேரம் பார்த்தேன். தெரியவில்லை. ஆனால் கோமு, பார்த்தேன். கால் கடுத்தது. இறங்கவில்லை.

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். உன் அக்கா வந்தால் மறுபடி ஒட்டுவாள். அவள் இருக்கும் வரைக்கும் இருக்கட்டும். அவள் போனதும் எடுத்துவிடுவேன். நல்ல நாளுக்கு மாலை போடுவேன், சட்டத்தின் ஓரத்தோடு நிற்கும். தினமும் காலையில் ஸ்டூலைப் போட்டு ஏறிப் பார்ப்பேன். உன்னைத் தெரிந்தவர்கள் யாரைக் கண்டாலும் உன் வாயைப் பற்றி, சிரிப்பைப் பற்றிக் கேட்பேன். அவர்கள் சொல்வதைக் கேட்டுக்கொண்டு, எதையும் வரையாமல் வைத்திருப்பேன். எனக்குள் அந்தக் கேள்வி போய்ச் சேருவதற்கு எத்தனை நாள் ஆகும் என்று தெரியாது. ஆனால் இனிமேல் உன் முகத்துக்கு முன்னால் நான் எந்தப் பூவையும் நிற்க விட மாட்டேன். நீ தள்ளிக்கொள்ள வேண்டாம்.

உன் மீனாவின் அப்பா,
சங்கரன்கோவில்